கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சென்ற வருடம் கட்டாரில் தொழில் புரியும் எனது மகன் விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு ஸ்மார்ட் வோட்ச் கொண்டு வந்து தந்தார். "வாப்பா, இனி இதைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எத்தனை கலோரி எரிந்தது என்று அதுவே சொல்லும்" என்றார். எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பத்து வருடங்களாக நீரிழிவு நோயாளி. வைத்தியர் நடக்கச் சொல்லி ஐந்து வருடங்களாகியும் ஒழுங்காக நடக்காத எனக்கு அந்தக் கடிகாரம் ஒரு புது உற்சாகத்தைத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தினமும் அதிகாலையில் கண்டி வாவியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். சுமார் மூன்றரைக் கிலோமீற்றர், 45 நிமிடங்கள். நடை முடிந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன். 300, 310, சில நாட்களில் 320 கலோரி என்று காட்டும். அதைப் பார்த்தவுடன் மனதில் ஒரு நிம்மதி. முன்பு காலையில் இரண்டு துண்டு பாணோடு நிறுத்திக்கொண்ட நான், "எரித்ததைத்தானே சாப்பிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு, திரும்பும் வழியில் ஒரு பராட்டாவும் சீனி போட்ட பால் தேநீரும் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நான்கு மாதங்களின் பின் கிளினிக் சென்றேன். நிறை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை 7.1இலிருந்து 7.6ஆக ஏறியிருந்தது. "டொக்டர், நான் தினமும் நடக்கிறேனே, இதோ பாருங்கள்" என்று கடிகாரத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "நடப்பது மிக நல்லது. அதை விட வேண்டாம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டாம்" என்று மட்டும் சொல்லி, மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

அந்த ஒரு வசனம்தான் என்னை யோசிக்க வைத்தது. அடுத்த நாள் காலை, என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவரிடம் அவரது கடிகாரத்தைக் கேட்டு வாங்கி மற்றக் கையில் கட்டிக்கொண்டேன். எனது வயது, உயரம், நிறை ஆகியவற்றை அதிலும் பதிந்தேன். ஒரே மனிதன், ஒரே பாதை, ஒரே 45 நிமிடங்கள். இடது கை 312 என்றது. வலது கை 228 என்றது. நண்பர் சிரித்துக்கொண்டே, "நானா, உங்கட வோட்ச் கொஞ்சம் தாராள மனசுபோல" என்றார்.

எது சரி? இரண்டுமே பிழையாக இருக்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன். நமது ஊர்களில் இன்று இளைஞர் முதல் முதியவர் வரை பலரது கைகளில் இந்தக் கடிகாரங்கள் இருப்பதால் இது பலருக்கும் பயன்படும் என நினைக்கிறேன்.

கலோரி உண்மையில் எப்படி அளக்கப்படுகிறது?

நாம் பேச்சு வழக்கில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரியாகும். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸால் உயர்த்தத் தேவையான வெப்பமே அது. உணவுப் பொதிகளில் எழுதியிருப்பதும், கடிகாரம் காட்டுவதும் இந்த அளவுதான்.

உடல் செலவிடும் சக்தியைச் சரியாக அளப்பதற்கு ஆய்வுகூடங்களில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, சுவாசத்தை அளப்பது. முகத்தில் ஒரு முகமூடியைப் பொருத்தி, உள்ளே செல்லும் ஒட்சிசனையும் வெளியேறும் காபனீரொட்சைட்டையும் அளப்பார்கள். உடல் ஒரு லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது ஏறத்தாழ 5 கலோரி செலவாகிறது என்பதால் கணக்கு எளிதாகிவிடும்.

இரண்டாவது முறை இன்னும் நுட்பமானது. சாதாரண ஐதரசனுக்குப் பதிலாக டியூட்டேரியமும், சாதாரண ஒட்சிசனுக்குப் பதிலாக பாரம் கூடிய ஒட்சிசன்-18உம் கலந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். டியூட்டேரியம் உடலிலிருந்து நீராக மட்டுமே வெளியேறும். ஒட்சிசன்-18 நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். சில நாட்களுக்குப் பின் சிறுநீரைப் பரிசோதித்து, இரண்டும் குறைந்த வேகத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால் உடல் எவ்வளவு காபனீரொட்சைட்டை உருவாக்கியது, எவ்வளவு சக்தியைச் செலவிட்டது என்பது தெரிந்துவிடும். ஒருவர் தனது அன்றாட வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அளக்கக்கூடிய முறை இது. ஆனால் செலவு அதிகம்.

கடிகாரம் இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. நமது சுவாசத்தை அது அறியாது. அது அறிந்தவை சிலதான்: நாம் பதிந்த வயது, பால், உயரம், நிறை, கையின் அசைவு, மணிக்கட்டுத் தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, குருதியோட்ட மாற்றத்தைக் கொண்டு கணிக்கும் இதயத் துடிப்பு, சிலவற்றில் செய்மதி மூலம் கிடைக்கும் தூரம். இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணைத் தருகிறது. அதாவது, கலோரி என்பது கடிகாரம் அளந்த ஒன்றல்ல, ஊகித்த ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் தனது சூத்திரத்தை முழுமையாக வெளியிடுவதில்லை. எனது இரண்டு கைகளும் இரண்டு கணக்குச் சொன்னதன் இரகசியம் இதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்காலத்தில் விற்பனையில் இருந்த ஏழு சாதனங்களை 60 பேரின் கைகளில் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். ஒப்பீட்டுக்கு மருத்துவ தரத்திலான கருவிகளைப் பயன்படுத்தினார்கள். ஏழில் ஆறு சாதனங்கள் இதயத் துடிப்பை 5 வீதத்துக்கும் குறைந்த பிழையுடன் காட்டின. இது பாராட்டத்தக்கது. ஆனால் கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த சாதனமே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மிக மோசமானது 93 வீதம் பிழைத்தது.

அதன் பின் தொழில்நுட்பம் முன்னேறிவிட்டதே என்று கேட்கலாம். 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 158 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. காலடிகளை எண்ணுவதிலும் இதயத் துடிப்பிலும் சில நிறுவனங்களின் சாதனங்கள் நன்றாகவே இருந்தன. சக்திச் செலவைக் கணிப்பதில் எந்த நிறுவனத்தின் சாதனமும் துல்லியமாக இருக்கவில்லை என்பதே அதன் முடிவு.

பிழை எங்கிருந்து வருகிறது?

முதலாவது, ஓய்வுக் கணக்கு. நாம் ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் சக்தியைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. உடற்பயிற்சி அட்டவணைகளில் 'மெட்' என்றோர் அலகு உண்டு. சும்மா இருக்கும்போது ஒரு கிலோ உடல் நிறைக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு கலோரி என்பதே ஒரு மெட். சாதாரண வேக நடைக்கு 3.5 மெட் என்று 2011ஆம் ஆண்டின் சர்வதேச அட்டவணை சொல்கிறது.

எனது நிறை 78 கிலோ. எனவே 45 நிமிட நடைக்கு 3.5 × 78 × 0.75. விடை 205 கலோரி. ஆனால் இதில் ஒரு மெட் என்பது நான் கட்டிலில் படுத்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடந்ததனால் மேலதிகமாகச் செலவானது 2.5 மெட் மட்டுமே. அதாவது 146 கலோரி. சில சாதனங்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகக் காட்டுகின்றன. சில மொத்தத்தை மட்டும் காட்டுகின்றன. மொத்தத்தைப் பார்த்து அந்த அளவு மேலதிகமாகச் சாப்பிடுபவர், தான் உறங்கினாலும் செலவாகியிருக்கும் கலோரிக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறார். நான் செய்தது அதைத்தான்.

இரண்டாவது, எல்லோரும் ஒரே வார்ப்பில் செய்யப்பட்டவர்கள் அல்லர். 2005இல் 769 பேரை அளந்த ஓர் ஆய்வு, அந்த 'ஒரு மெட்' என்ற அடிப்படை அளவே ஓய்வுச் சக்திச் செலவைச் சராசரியாக 20 வீதம் கூட்டிக் காட்டுகிறது எனக் கண்டது. எனது கணக்கிலும் அதைப் பார்க்கலாம். மெட் கணக்குப்படி நான் சும்மா இருந்தால் ஒரு நாளைக்கு 78 × 24, அதாவது 1872 கலோரி. ஆனால் 1990இல் வெளியான, உணவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மிப்லின் சூத்திரத்தில் எனது வயதையும் உயரத்தையும் (168 சென்ரிமீற்றர்) போட்டால் 1530தான் வருகிறது.

காரணம், ஓய்வில் சக்தியை அதிகம் செலவிடுவது தசையும் உள்ளுறுப்புக்களுமே. கொழுப்பு மிகக் குறைவாகவே செலவிடுகிறது. தராசு இரண்டையும் ஒன்றாகவே நிறுக்கிறது. தென்னாசியர்களான நமக்கு, ஒரே உயரமும் நிறையும் கொண்ட ஐரோப்பியர்களை விடத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழமை. வேறு மக்களை அளந்து உருவாக்கிய சூத்திரம் நமக்குச் சற்றுத் தாராளமாகக் கணக்குப் போடுவதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது, இதயத் துடிப்பு. துடிப்புக் கூடினால் உடல் கடுமையாக வேலை செய்கிறது என்று கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் புழுக்கமான காலநிலை, கோப்பி, மன அழுத்தம், உறக்கமின்மை, காய்ச்சல் ஆகியவையும் துடிப்பைக் கூட்டும். அதற்காகக் கொழுப்பு கரைவதில்லை. மறுபுறம், இதய நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அற்றினோலோல் போன்ற பீற்றா ப்ளொக்கர் மருந்து எடுப்பவர்களின் துடிப்பு எவ்வளவு வேகமாக நடந்தாலும் அதிகம் ஏறாது. அவர்களது உழைப்பைக் கடிகாரம் குறைத்துக் காட்டலாம். பட்டி தளர்ந்திருந்தாலோ, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலோ துடிப்பின் வாசிப்பே பிழைக்கும்.

நான்காவது, மேடு பள்ளம். மலைநாட்டில் வாழும் நமக்கு இது முக்கியம். மணித்தியாலத்துக்கு 4.8 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் நடப்பதற்கு ஏறத்தாழ 3.3 மெட் ஆகிறது. அதே வேகத்தில், நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் உயரும் ஒரு சாதாரண ஏற்றத்தில் நடந்தால் அது 5.3 மெட் ஆகிவிடுகிறது. கையின் அசைவில் பெரிய வித்தியாசம் இல்லை. செலவிலோ 60 வீத வித்தியாசம். உயரத்தை உணராத கடிகாரம் இதைத் தவறவிடும். அதேபோல் கையில் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும், சிறுவர் வண்டியைத் தள்ளினாலும் கை அசையாததால் காலடிகளே விடுபட்டுப் போகலாம். உடற்பயிற்சி நிலையங்களில் ஓடும் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு நடக்கிறது. பாரத்தில் ஒரு பகுதியைக் கை தாங்குவதால் செலவு குறைகிறது. இயந்திரத்தின் திரையிலோ எண் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

உடலும் ஒரு கணக்குப் போடுகிறது

இதுவரை சொன்னது கடிகாரத்தின் பிழை. இனிச் சொல்வது அதைவிட முக்கியமானது. கடிகாரம் முற்றிலும் சரியாக அளந்தாலும், அந்தக் கலோரி முழுவதும் நமது நாளாந்தக் கணக்கில் சேர்வதில்லை.

தன்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் சக்திச் செலவை ஹேர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் மேற்சொன்ன விசேட நீர் முறையால் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள் முழுவதும் நடக்கும் அம்மக்கள், உடலின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்க்கும்போது, அலுவலகக் கதிரையில் அமர்ந்திருக்கும் மேற்கத்தேயரைப் போன்ற அளவே நாளொன்றுக்குச் சக்தியைச் செலவிட்டிருந்தார்கள். நாம் ஒன்றில் அதிகம் செலவிட்டால் உடல் வேறொன்றில் சிக்கனம் செய்கிறது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

2021இல் 1754 பேரின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு இதற்கு ஓர் எண்ணையும் தந்தது. உடல் உழைப்பால் மேலதிகமாகச் செலவிடும் சக்தியில் சராசரியாக 28 வீதத்தை, அடிப்படைச் செலவைக் குறைத்துக்கொள்வதன் மூலம் உடல் ஈடுசெய்துவிடுகிறது.

இப்போது எனது கணக்குக்கு வருவோம். கடிகாரம் சொன்னது 312. அட்டவணைப்படி மொத்தம் 205. ஓய்வுச் செலவைக் கழித்தால் 146. உடலின் சிக்கனத்தையும் கழித்தால் 105. இதுவும் ஓர் உத்தேசக் கணக்கே, என் முகத்தில் யாரும் முகமூடி கட்டி அளக்கவில்லை. ஆனாலும் திசை தெளிவானது. மாவையும் எண்ணெயையும் பொறுத்து ஒரு பராட்டா 250 முதல் 300 கலோரி வரை இருக்கும். நான் நடந்து சம்பாதித்தது அதில் பாதிகூட இல்லை. பால் தேநீரும் சீனியும் முழுக்க முழுக்கக் கடன்.

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதா?

தேவையில்லை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இங்கு சிந்திக்கத்தக்கது. நிறை கூடிய 471 இளவயதினரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை வழங்கப்பட்டது. பின்னர் ஒரு குழுவுக்கு உடலில் அணியும் சாதனமும் கொடுக்கப்பட்டது. இரண்டு வருட முடிவில் சாதனம் அணிந்த குழு சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தது. சாதனம் அணியாத குழுவோ 5.9 கிலோ குறைந்திருந்தது. அவர்களும் என்னைப் போல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்களா என்பதற்கு அந்த ஆய்வில் விடையில்லை. ஆனால் சாதனத்தைக் கையில் கட்டுவது மட்டும் நிறையைக் குறைத்துவிடாது என்பது நிச்சயம்.

எனது அனுபவத்திலிருந்தும் வாசிப்பிலிருந்தும் நான் இப்போது பின்பற்றும் சில விடயங்களைச் சொல்கிறேன்.

கடிகாரம் நன்றாக அளப்பவற்றை மட்டும் பார்க்கிறேன். காலடிகளின் எண்ணிக்கை, நடந்த நிமிடங்கள், இதயத் துடிப்பு ஆகியவையே அவை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி. அது நிமிடத்தில்தான் சொல்லப்பட்டிருக்கிறது, கலோரியில் அல்ல.

கலோரி எண்ணைப் பார்ப்பதாயின், அதே கடிகாரத்தின் நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுகிறேன். பிழையான தராசாக இருந்தாலும் அது ஒரே மாதிரிப் பிழைக்குமானால், கூடியதா குறைந்ததா என்பதை ஓரளவு சொல்லும். இன்னொருவரது கடிகாரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

எரித்த கலோரியைத் திருப்பிச் சாப்பிடுவதில்லை. நடையை உணவுக் கணக்கில் வரவாக எழுதுவதை விட்டுவிட்டேன். உணவு ஒழுங்காக இருக்கிறதா என்பதை வீட்டுத் தராசும் இடுப்பளவு நாடாவும் சில வாரங்களில் சொல்லிவிடும். அவை கடிகாரத்தை விட நேர்மையானவை.

முக்கியமாக, இன்சுலின் போடுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கடிகாரத்தின் கலோரியைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ, சாப்பாட்டைத் தவிர்ப்பதோ ஆபத்தானது. சீனி திடீரென இறங்கிவிடலாம். சீனியை அளப்பதற்குக் குளுக்கோமீற்றர் இருக்கிறது, ஆலோசனைக்கு வைத்தியர் இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து "105 கலோரிக்காகவா இவ்வளவு நடை" என்று எவரும் சோர்ந்துவிடக் கூடாது. நடையின் பயன் கலோரியில் இல்லை. நடக்கும் தசை குருதியிலுள்ள சீனியைத் தானாகவே உள்ளிழுக்கிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது, இரத்த அழுத்தம் குறைகிறது, உறக்கம் சீராகிறது. இவற்றில் எதையும் என் கடிகாரம் திரையில் காட்டுவதில்லை.

பராட்டாவை நிறுத்தி ஐந்து மாதங்களாகின்றன. தேநீர் சீனியின்றி. நடை அதே 45 நிமிடம். சென்ற மாதப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1சி 6.9. நிறை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. கூட்டிய மாத்திரைக்கும் இதில் பங்குண்டு என்று வைத்தியர் சொன்னார், அதை மறுக்கவில்லை. மகன் தொலைபேசியில், "வாப்பா, வோட்ச் நன்றாக வேலை செய்கிறதா?" என்று கேட்டார். "நேரம் சரியாகக் காட்டுகிறது மகன்" என்றேன்.